‘நியூட்ரல் சைட்டேஷன்’: நடுநிலை மேற்கோளா, மன்றச் சுட்டா?

அனுப்பியவர்: சட்ட மாணவி, திருச்சி

அனைவருக்கும் வணக்கம்.

முதலாண்டு மாணவர்களுக்காக, தீர்ப்புகளை எங்கே எப்படித் தேடுவது என்று ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். எல்லாரும் தேர்வைத் தமிழில் எழுதுகிறவர்கள். தீர்ப்பும் வழக்கு விவரமும் தேடும் தளங்களான ஈ-எஸ்.சி.ஆர்., இந்தியன் கானூன், ஈ-கோர்ட்ஸ் மூன்றையும் விளக்கியாயிற்று. ஒவ்வொரு தீர்ப்புக்கும் நீதிமன்றமே கொடுக்கும் அடையாள எண்ணான ‘நியூட்ரல் சைட்டேஷன்’ வந்த இடத்தில் நின்றுவிட்டோம். இப்போதைக்கு ‘நடுநிலை மேற்கோள்’ என்று போட்டிருக்கிறோம். படித்துப் பார்த்த ஒரு தம்பி, “அப்படியென்றால் மற்ற மேற்கோள்கள் எல்லாம் ஒருதலைப்பட்சமா அக்கா?” என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. ‘தீர்ப்பெண்’ என்று ஒருவர் சொன்னார். அதை வாய்விட்டுப் படித்ததும் வகுப்பே சிரித்தது.

பெரியவர்கள் உதவ வேண்டும்.

*

அனுப்பியவர்: சட்ட நூலகர், சென்னை

> அப்படியென்றால் மற்ற மேற்கோள்கள் எல்லாம் ஒருதலைப்பட்சமா அக்கா?

தம்பி கேட்டது நல்ல கேள்வி அம்மா. அங்கிருந்தே தொடங்கலாம்.

கேசவானந்த பாரதி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 24 ஏப்ரல் 1973 அன்று 13 நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு. இதை ‘ஏஐஆர் 1973 எஸ்சி 1461’ என்றும் எழுதுவார்கள், ‘(1973) 4 எஸ்சிசி 225’ என்றும் எழுதுவார்கள். முதலாவது, ஆல் இந்தியா ரிப்போர்ட்டரின் 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றப் பகுதியில் 1461ஆம் பக்கம். இரண்டாவது, சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற வரிசையில் அந்த ஆண்டின் 4ஆம் தொகுதியில் 225ஆம் பக்கம். இரண்டுமே ஒரு பதிப்பகம் அச்சிட்ட புத்தகத்தின் பக்க எண்கள். தீர்ப்புக்கென்று சொந்தமாக ஓர் எண் அப்போது கிடையாது. ஏஐஆர் மட்டும் வைத்திருக்கும் நூலகத்தில் போய் எஸ்சிசி எண்ணைக் கொடுத்தால் ஒப்பீட்டு அட்டவணையைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகமே இன்னும் அச்சாகாத புதுத் தீர்ப்பு என்றால் வழக்கு எண்ணையும் தேதியையும் வைத்துக்கொண்டு தடவ வேண்டியதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் நீதிமன்றமே எண் கொடுக்க ஆரம்பித்தது. இங்கிலாந்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 ஜனவரியில் இப்படி எண் கொடுக்கத் தொடங்கியது. நம் உச்ச நீதிமன்றம் 2023இல். தமிழ்நாடு அரசு ஆளுநர்மேல் தொடுத்த வழக்கில் 8 ஏப்ரல் 2025 அன்று வந்த தீர்ப்பு ‘2025 ஐஎன்எஸ்சி 481’. ஆண்டு, நீதிமன்றத்தின் சுருக்கம், அந்த ஆண்டின் வரிசை எண், அவ்வளவுதான். தொகுதியும் கிடையாது, பக்கமும் கிடையாது. 2023க்கு முந்தைய தீர்ப்புகளுக்கும் பின்னோக்கி எண் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, ‘நியூட்ரல்’ என்ற சொல்லுக்கு இங்கே வாதி பிரதிவாதி நடுவே சாயாமல் நிற்பது என்று பொருள் இல்லை. எந்தப் பதிப்பகத்தையும் சாராதது, அச்சு இணையம் என்று எந்த ஊடகத்தையும் சாராதது என்றுதான் பொருள். ஆஸ்திரேலியர்கள் வெளிப்படையாகவே ‘மீடியம் நியூட்ரல்’ என்கிறார்கள். தமிழில் ‘நடுநிலை’ என்றதும் தராசுதான் நினைவுக்கு வரும். நீதிமன்றம் பற்றிய கையேட்டில் அந்தச் சொல் கட்டாயம் தவறான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

பதிப்பகத்தைச் சாராமல் இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். பக்க எண்ணுக்காகவே சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வெஸ்ட் பதிப்பகம், தன் புத்தகத்தின் பக்க எண்களை லெக்சிஸ் தன் கணினித் தொகுப்பில் காட்டக்கூடாது என்று வழக்குப் போட்டு, 1986இல் தனக்குச் சாதகமான உத்தரவும் வாங்கியது. நம்மூரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக், (2008) 1 எஸ்சிசி 1. தீர்ப்பின் மூல வாசகம் யாருக்கும் தனிச் சொத்தில்லை, ஆனால் பதிப்பாசிரியர் பத்தி பிரித்து எண்ணிட்ட உழைப்புக்குப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாணவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். தீர்ப்பு பொதுச் சொத்து, ஆனால் அதன் முகவரி மட்டும் ஒரு நிறுவனத்தின் கையில் என்ற விநோத நிலை இதைப் படித்தால் விளங்கும்.

அப்புறம், ‘மேற்கோள்’. இதுவும் இடறுகிறது. மேற்கோள் என்றால் ஒருவர் சொன்னதை எடுத்து வைப்பது. நமக்கு வேண்டியது அது இருக்கும் இடத்தைக் காட்டும் சொல். ‘சுட்டு’ போதும். சுட்டெழுத்து, சுட்டுப்பெயர் என்று பள்ளியிலேயே படித்ததுதான்.

என் பரிந்துரை: நீதிமன்றம் தருவது மன்றச் சுட்டு. ஏஐஆர், எஸ்சிசி போன்ற இதழ்கள் தருவது இதழ்ச் சுட்டு. ‘நியூட்ரல்’ என்ற அடைமொழியை மொழிபெயர்க்க முயன்றுதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். அதை விட்டுவிட்டு, யார் கொடுத்தது என்பதை வைத்துப் பெயரிட்டால் இரண்டு சொல்லும் தாமாகவே விளங்கும். ஒரே தீர்ப்புக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் இணைச் சுட்டு. மன்றச் சுட்டில் பக்கம் கிடையாது என்பதால் பத்தி எண்ணைத்தான் காட்ட வேண்டும், அது பத்திச் சுட்டு.

‘தீர்ப்பெண்’ இலக்கணப்படி சரியே. ஆனால் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்த முடியாது.

*

அனுப்பியவர்: சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

ஐயாவின் விளக்கம் நன்று. ஆனால் ‘சுட்டு’ எனக்கு உவப்பாக இல்லை. குற்றவியல் தீர்ப்பு ஒன்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: “துப்பாக்கியால் சுட்டுக் கொன்ற வழக்கின் சுட்டு.” எழுதுகிறவருக்கே கை நிற்கும்.

இங்கே இன்னமும் நியூ லோ ரிப்போர்ட்ஸ், ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ் இரண்டின் தொகுதி, பக்கம்தான் புழக்கம். அவற்றில் வராத தீர்ப்பென்றால் வழக்கு இலக்கமும், ‘எஸ்.சி. மினிட்ஸ்’ என்று போட்டுத் திகதியும் எழுதுகிறோம். ஆகவே நீங்கள் ஆக்கும் சொல் நாளை எங்களுக்கும் வேண்டும். ‘தீர்ப்பிலக்கம்’ என்று சொன்னால் என்ன? தங்கச்சியின் வகுப்பும் சிரிக்காது.

*

அனுப்பியவர்: சட்ட நூலகர், சென்னை

> ‘தீர்ப்பிலக்கம்’ என்று சொன்னால் என்ன?

அழகான சொல். ஆனால் இங்குள்ள மாணவருக்கு இலக்கம் என்றால் ‘ஆறு இலக்க எண்’ என்பதில் வரும் இலக்கம். அது பழகிக்கொள்ளக் கூடியதுதான். எனக்குத் தயக்கம் வேறு காரணத்தால். வழக்கு எண், சி.என்.ஆர். எண், மன்றச் சுட்டு மூன்றையும் மாணவர்கள் ஏற்கெனவே குழப்பிக்கொள்கிறார்கள். சி.என்.ஆர். என்பது வழக்கு தாக்கலாகும்போதே ஈ-கோர்ட்ஸ் கொடுக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம். அதை வைத்து வாய்தா தேதி பார்க்கலாம், தீர்ப்பே வந்திருக்க வேண்டியதில்லை. வழக்கிலக்கம், தீர்ப்பிலக்கம் என்று ஒரே சாயலில் இரண்டு சொல் இருந்தால் தேர்வுத் தாளில் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்காரும்.

துப்பாக்கி பற்றிச் சொன்னது நியாயம். தனியாக ‘சுட்டு’ என்று எழுதாமல் எப்போதும் ‘மன்ற’, ‘இதழ்’ என்ற முன்னொட்டோடு எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று. சென்னை உயர் நீதிமன்ற ஆணைகளின் கடைசிப் பக்கத்தில் ‘இண்டெக்ஸ்’, ‘இன்டர்நெட்’ வரிகளுக்கு அருகே ‘நியூட்ரல் சைட்டேஷன்: எஸ்/நோ’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் படத்தைக் கையேட்டில் போடுங்கள். சொல்லை எங்கே பொருத்துவது என்று பார்த்ததும் புரியும்.

*

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

‘மன்றச் சுட்டெண்’ என்று ‘எண்’ணையும் சேர்த்துவிட்டால் துப்பாக்கி போய்விடும், ‘பெண்’ணும் வராது. ‘எண்’ கடைசியில் இருப்பதால் “மன்றச் சுட்டெண்ணை எழுதுக” என்று கேள்வியும் கேட்கலாம்.

‘ஐஎன்எஸ்சி’யையும் ‘இஉநீ’ என்று தமிழாக்கலாம் என்று வேறொரு குழுவில் படித்தேன். தயவுசெய்து வேண்டாம். தேடுபெட்டியில் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால்தான் தீர்ப்பு வரும். விளக்கும் சொல் தமிழில் இருக்கட்டும், முகவரி உள்ளபடியே இருக்கட்டும்.

2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்தப் போலித் தீர்ப்புகளுக்கும் தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருந்தன. மன்றச் சுட்டெண்ணுக்கும் போலி வரலாம். ஆனால் சந்தா கட்டாமலே நீதிமன்றத்தின் தளத்தில் போட்டு உடனே சரிபார்த்துவிடலாம். கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

*

அனுப்பியவர்: சட்ட மாணவி, திருச்சி

எல்லாருக்கும் நன்றி. ‘மன்றச் சுட்டெண்’, ‘இதழ்ச் சுட்டு’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே நியூட்ரல் சைட்டேஷன் என்றும் போடுகிறோம். வழக்காடும்போது காதில் விழப்போவது அதுதானே. சி.என்.ஆர். குழப்பத்துக்குத் தனியாக ஒரு பெட்டிச் செய்தி எழுதிவிட்டோம், கடைசிப் பக்கப் படத்தையும் சேர்க்கிறோம்.

யாழ்ப்பாணத்து அண்ணா, நியூ லோ ரிப்போர்ட்ஸ் தொகுதி, பக்கம் எழுதும் முறைக்கு ஒரு எடுத்துக்காட்டு அனுப்ப முடியுமா? பின்னிணைப்பில் சேர்க்கிறோம்.

‘ஓவர்ரூல்ட்’ (பழைய தீர்ப்பு தவறென்று தள்ளப்பட்டது), ‘டிஸ்டிங்விஷ்ட்’ (இந்த வழக்குக்குப் பொருந்தாதென்று விலக்கப்பட்டது) இரண்டுக்கும் இப்போதைக்கு ஒரே சொல் போட்டு வைத்திருக்கிறோம். அது தப்பென்று தெரியும். தனி இழையில் கேட்கிறேன்.