வெளிநாட்டில் ஆய்வைத் தொடங்கும் முன்: அனுமதிகள் பற்றிப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

ஆய்வுப் பணிக்காக வெளிநாடு வந்திருக்கும் இளையோர் பலரும், வந்த முதல் மாதத்திலேயே களத்தில் இறங்கித் தரவு சேர்த்து நெறியாளரின் நம்பிக்கையைப் பெற்றுவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். அந்த ஆர்வம் மதிக்கத் தக்கது. ஆயினும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒன்றில் விண்ணப்பங்களைப் படித்து வருபவன் என்ற முறையில் இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அனுமதிக் கடிதம் எழுத்தில் வந்து சேர்ந்த பிறகே முதல் மாதிரியை எடுங்கள், முதல் நேர்காணலைப் பதிவு செய்யுங்கள். வேலையை முடித்துவிட்டு ஒப்புதல் கேட்டால் குழு தராது. ஒப்புதல் இல்லாத தரவை ஆய்வேட்டில் சேர்க்க இயலாது, ஆய்விதழும் ஒப்புதல் எண்ணைக் கேட்கும். துறைக்குத் துறை அனுமதி தருபவர் மாறுவார்; அனுமதி முன்னால், வேலை பின்னால் என்ற வரிசை மட்டும் எங்கும் மாறாது.

மனிதர்களைப் பற்றிய ஆய்வு என்றால் எந்த நாட்டிலும் முதலில் போக வேண்டிய இடம் நெறிமுறைக் குழு. அமெரிக்காவில் அதை ஐ.ஆர்.பி. என்றும், கனடாவில் ஆர்.இ.பி. என்றும், ஆஸ்திரேலியாவில் எச்.ஆர்.இ.சி. என்றும், பிரிட்டனில் ஆர்.இ.சி. என்றும் அழைக்கிறார்கள். ஒப்புதல் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம், சிக்கலான ஆய்வாக இருந்தால் சில மாதங்களும் ஆகலாம். அந்தக் காலத்தை வீணான காத்திருப்பாகக் கருத வேண்டாம். நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ் பெறுவது, முந்தைய ஆய்வுகளை வாசித்துத் தொகுப்பது, வினாநிரலைச் செப்பனிடுவது ஆகியவற்றுக்கு இவ்வளவு ஓய்வான நேரம் பிறகு உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை.

மருத்துவ ஆய்வில் இந்த ஒழுங்கு நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. 1947இன் நியூரம்பர்க் நெறிகளும், 1964இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்டு 2024 வரை பலமுறை திருத்திய ஹெல்சிங்கி பிரகடனமும் அதன் அடித்தளம். மருத்துவப் பரிசோதனை என்றால், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே அதைப் பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும் என்று முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு 2005 ஜூலை முதல் நிபந்தனை விதித்திருக்கிறது. எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் வெளியிட்ட கட்டுரையை ‘லான்செட்’ இதழ் 2010இல் திரும்பப் பெற்றபோது சொன்ன காரணங்களுள் ஒன்று, உள்ளூர் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதாக அக்கட்டுரையில் இருந்த கூற்று பொய் என்பதாகும். அந்தக் கட்டுரையால் உலகெங்கும் பெற்றோர் மனத்தில் விழுந்த அச்சம் இன்னும் முழுதாக நீங்கவில்லை என்பதை நினைக்கும்போது, குழுவின் கேள்விகளைத் தொந்தரவாகக் கருத எனக்கு மனம் வருவதில்லை.

விண்ணப்பத்தில் எங்கள் கண் முதலில் போகும் இடம் எது என்று பலர் கேட்பதுண்டு. அது, பங்கேற்பாளருக்கு ஆய்வை விளக்கிச் சொல்லும் தகவல் தாளின் அடிக்குறிப்பு. ‘பதிப்பு 2’ என்ற எண்ணும் தேதியும் அங்கே இருக்கும். ஒப்புதல் கடிதத்தில் பதிப்பு 2 என்றிருக்க, பங்கேற்பாளர் கையெழுத்திட்ட தாளில் பதிப்பு 1 என்றிருந்தால், அந்தக் கையெழுத்து எந்த வாக்குறுதிக்கு இடப்பட்டது என்ற கேள்வி எழும். தமிழ் பேசுவோரிடையே ஆய்வு செய்பவர்கள் தகவல் தாளின் தமிழ் வடிவத்தையும் சேர்த்தே குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஆங்கில வடிவத்துக்குக் கிடைத்த ஒப்புதல் தமிழ் வடிவத்துக்குத் தானாகப் பொருந்தாது. நம் சமூகத்துப் பெரியவர்கள் ‘நம்ம பிள்ளைதானே கேட்கிறது’ என்று தாளைப் படிக்காமலே கையெழுத்திட முன்வருவார்கள். அந்த அன்பை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளை உரக்கப் படித்துக் காட்டி, விரும்பாவிட்டால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, யோசிக்க ஓரிரு நாள் கொடுத்துவிட்டு மீண்டும் செல்லுங்கள்.

இயற்கை அறிவியலில் மனிதர்கள் இல்லையே, நமக்கு என்ன அனுமதி வேண்டும் என்று கேட்பவர்களுக்குத்தான் தடைகள் எதிர்பாராத திசையிலிருந்து வருகின்றன. பிரிட்டனில் சில தொழில்நுட்பத் துறைகளில் சேரும் குறிப்பிட்ட நாட்டவர்கள் விசாவுக்கு முன்பே ‘ஏட்டாஸ்’ (ATAS) எனப்படும் அரசின் தொழில்நுட்ப அனுமதிச் சான்றிதழ் பெற வேண்டும்; 2021 மே முதல் மாணவர்களோடு ஆய்வாளர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். வந்த பிறகு மாணவரின் ஆய்வுத் தலைப்பு மாறினால் புதிய சான்றிதழ் தேவைப்படலாம் என்பதால், நெறியாளர் ‘தலைப்பைச் சற்று மாற்றலாமா’ என்று கேட்கும் நாளில் பல்கலைக்கழக அலுவலகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில், கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை அந்நாட்டுக்குள்ளேயே வெளிநாட்டவருக்குக் காட்டுவதும் ஏற்றுமதியாகவே கணக்கிடப்படும் என்பதால், அதற்கும் அனுமதி தேவைப்படலாம்.

உயிரியல் மாதிரிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு செடியையோ மண்ணையோ நுண்ணுயிர்க் கலவையையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றும். 2010இல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி, உயிரினங்களின் மரபணு வளங்கள் மீது அவை தோன்றிய நாட்டுக்கு உரிமை உண்டு. பல நாடுகள் அந்த உரிமையைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம், ஆய்வுக்காக அந்நாட்டு உயிர்வளத்தை எடுக்க வெளிநாட்டவரைப் போலவே வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களும் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது. நேற்றுவரை உள்நாட்டு ஆய்வாளராக இருந்த ஒருவரின் சட்ட நிலை இப்படி மாறிவிடுவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அருகிவரும் உயிரினம் என்றால், 1973இல் கையெழுத்தான சைட்டீஸ் உடன்படிக்கையின்படி ஓர் இலைத்துண்டோ இறகோகூட உரிமத்தோடுதான் எல்லை தாண்ட முடியும். பதிவு பெற்ற அறிவியல் நிறுவனங்கள் தமக்குள் வணிக நோக்கின்றிப் பரிமாறிக்கொள்ளும் பதப்படுத்திய மாதிரிகளுக்கு அதில் ஒரு சலுகை உண்டு. அது நிறுவனங்களுக்கு உரியது. தனிமனிதரின் கைப்பெட்டிக்குப் பொருந்தாது.

மாதிரியை விமானத்தில் அனுப்பும் முறையையும் ஒருமுறையேனும் அருகில் நின்று பாருங்கள். நோயாளியின் இரத்த மாதிரி, ‘யு.என். 3373’ என்ற பன்னாட்டு எண்ணால் குறிக்கப்படும் உயிரியல் பொருள் வகையைச் சேர்ந்தது என்றால், கசியாத குழாய், அதைச் சுற்றி முழுத் திரவத்தையும் உறிஞ்சக்கூடிய பஞ்சு, அதற்கு மேல் கசியாத இரண்டாம் உறை, பிறகு உறுதியான வெளிப்பெட்டி என்று மூன்று அடுக்குகள் இருக்கும். இரண்டாம் உறைக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே உள்ளடக்கப் பட்டியலை வைப்பார்கள். பெட்டியின் மேல் சாய்சதுர அடையாளத்தை ஒட்டுவார்கள். உலர்பனி (உறைந்த கரியமில வாயு) வைப்பதானால் அது இரண்டாம் உறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வாயு வெளியேற வழியும், எத்தனை கிலோ என்ற குறிப்பும் தேவை. உலர்பனி வைத்த பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினால் அது வெடிக்கவும் கூடும். இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர் உங்கள் ஆய்வகத்திலோ அடுத்த தளத்திலோ இருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

விலங்குகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒரே குறிப்பு. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்துக்கும் திட்டத்துக்கும் தனிநபருக்கும் தனித்தனி உரிமம் கேட்கிறது. முந்தைய நாட்டில் பத்தாண்டு அனுபவம் இருந்தாலும், உங்கள் பெயரில் உரிமம் வரும்வரை பரிசோதனை விலங்கின் மீது எந்தச் செயல்முறையும் செய்யக் கூடாது.

மரபுச் செல்வங்கள் பற்றிய ஆய்வில் அனுமதி தருபவர் அரசாக மட்டும் இருப்பதில்லை. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோதக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு, ஒரு சிலையோ செப்பேடோ எந்த ஆண்டில், எந்த வழியில் சேகரிப்புக்கு வந்தது என்பது ஆய்வாளர் கேட்டே தீர வேண்டிய கேள்வியாகிவிட்டது. தனியார் சேகரிப்பாளர் ஒருவர் அன்போடு அழைத்து ‘இந்தக் கல்வெட்டைப் படித்துச் சொல்லுங்கள்’ என்றால், வந்த வழி தெரியாத பொருளுக்கு உங்கள் வாசிப்பே ஒரு நற்சான்றாகவும் விலையேற்றமாகவும் மாறிவிடலாம். மனித எச்சங்கள் இன்னும் நுட்பமானவை. அமெரிக்காவில் தொல்குடிகளின் கல்லறைகளைக் காக்கும் 1990ஆம் ஆண்டு நாக்ப்ரா சட்டத்துக்கு 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, தொல்குடி மக்களின் எச்சங்களை ஆராயவோ காட்சிக்கு வைக்கவோ அந்தந்த மக்களின் முன் ஒப்புதல் தேவை. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறித்தொகுப்பையே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். தங்கள் மீது நடக்கும் ஆய்வுக்குத் தாங்களே நெறி வகுக்கும் ஒரு சமூகத்தின் ஆவணம் என்பதால், எந்தத் துறையினரும் அதை வாசிக்கலாம் என்பேன்.

குற்றவியலுக்கு வருகிறேன், நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். கைதிகள், கடத்தலுக்கு உள்ளானவர்கள், ஆவணமின்றி வாழ்பவர்கள் ஆகியோரிடம் பேசும்போது ‘நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த வாக்குறுதியைச் சட்டம் காப்பாற்றுமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ரிக் ஸ்கார்ஸ், தன் ஆய்வில் பங்கேற்றவர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்ததற்காக 1993இல் 159 நாட்கள் சிறையில் இருந்தார். வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் பாஸ்டன் கல்லூரிக்காக 2001 முதல் 2006 வரை பதிவு செய்யப்பட்ட வாய்மொழி வரலாறுகள், பேசியவர் இறந்த பிறகே வெளிவரும் என்ற உறுதியோடு சேர்க்கப்பட்டவை. 2011இல் நீதிமன்ற அழைப்பாணை வந்தது. வழக்காடிய பின்னும் பதிவுகளில் ஒரு பகுதியைக் காவல்துறையிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நிதி தரும் ஆய்வுகளுக்கு ரகசியக் காப்புச் சான்றிதழ் என்றொரு கவசம் உண்டு. எல்லா நாட்டிலும் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது. ஆகவே எதை ரகசியமாக வைக்க முடியும், குழந்தைக்கு ஆபத்து என்பது போன்ற எதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதைத் தகவல் தாளிலேயே எழுதுங்கள். நேர்காணல் தொடங்கும் முன் வாயாலும் சொல்லுங்கள். தீவிரவாதம் தொடர்பான ஆவணங்களைப் படிக்க வேண்டிய ஆய்வு என்றால், தலைப்பைப் பல்கலைக்கழகத்தில் முன்பே பதிந்து, அது ஒதுக்கித் தரும் பாதுகாப்பான சேமிப்பிடத்திலேயே அவற்றை வையுங்கள். சொந்த மடிக்கணினியில் இறக்கி வைப்பது, விசாவில் இருக்கும் ஒருவருக்குத் தேவையில்லாத ஆபத்து.

தமிழில் எடுத்த நேர்காணல்களை எழுத்தாக்க, ஊரில் உள்ள தம்பிக்கோ தோழிக்கோ வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவை அனுப்பும் பழக்கத்தை அன்போடு தடுக்க விரும்புகிறேன். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உடல்நலம், மரபணு, குற்றத் தண்டனை பற்றிய தகவல்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே தரவை அனுப்பவும் சட்ட ஏற்பாடு வேண்டும். எழுத்தாக்குபவர் யார், எங்கே இருக்கிறார், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாரா என்பவை விண்ணப்பத்திலேயே இடம்பெற வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டாம். ‘இந்நகரில் பல் மருத்துவராக இருக்கும் தமிழ்ப் பெண்’ என்று எழுதினாலே, சிறிய சமூகத்தில் அவர் யார் என்பது அடுத்த நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, முந்தைய நிறுவனத்தில் சேர்த்த தரவைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்களுக்கு. புதிய இடத்தில் அதைப் பகுப்பாய்வுக்கு எடுக்கும் முன் நெறியாளரிடமும் குழுவிடமும் சொல்லிவிடுங்கள். பழைய நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தின் நகல், அன்று பயன்படுத்திய ஒப்புதல் படிவம், தரவை வேறு நாட்டில் பயன்படுத்துவதை அந்தப் படிவம் அனுமதிக்கிறதா என்ற விவரம், இரு நிறுவனங்களும் கையெழுத்திட்ட தரவுப் பரிமாற்ற ஒப்பந்தம் ஆகியவற்றைக் குழு கேட்கும். பழைய நெறியாளர் ஓய்வு பெற்றுவிட்டாலோ துறை மாறிவிட்டாலோ இவற்றைத் திரட்ட மாதக்கணக்கில் ஆகும்; ஆகவே கடிதங்களுக்கான கோரிக்கையை இந்த வாரமே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.