1 லிட்டர் எண்ணெயைத் தராசு 908 மி.லி. என்று காட்டுகிறது, ஏன்?

தாளிப்பு (கேள்வி):
சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கியிருக்கிறேன். கிராம், மி.லி. இரண்டிலும் காட்டும். வெறும் பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்கி, மி.லி.க்கு மாற்றிவிட்டு, புது 1 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாட்டிலை முழுவதும் ஊற்றினேன். 908 மி.லி. என்கிறது. பாட்டிலில் எண்ணெய் குறைவா, தராசு கோளாறா? அப்புறம், ஒரு செய்முறையில் 200 கிராம் எண்ணெய் கேட்கிறார்கள். தராசு சரியில்லை என்றால் அளவுக் கப்பில் எவ்வளவு ஊற்றுவது?

அரைக்கரண்டி:
இவ்வளவு வித்தியாசம் என்றால் தராசுதான். மாற்றிக் கேளுங்கள்.

மிதவை:
பொறுங்கள், இரண்டிலும் கோளாறு இருக்காது. தராசுக்குத் தெரிந்தது எடை மட்டும்தான். மி.லி. பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான தராசுகள் உள்ளே இருப்பது தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, 1 கிராமை 1 மி.லி. என்று காட்டிவிடும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. சமையல் எண்ணெய் எதுவானாலும் 1 மி.லி. சுமார் 0.91 முதல் 0.92 கிராம்தான். ஆக உங்கள் 908 உண்மையில் கிராம். 0.92 ஆல் வகுத்தால் 987 மி.லி. வருகிறது. சந்தேகம் இருந்தால் மி.லி. குறி போட்ட ஜாடியில் 500 மி.லி. தண்ணீர் எடுத்து நிறுத்துப் பாருங்கள்.

தாளிப்பு:
தண்ணீர் 499 கிராம் காட்டியது, தராசு பிழைத்தது! ஆனால் 13 மி.லி. இன்னும் இடிக்கிறதே? 200 கிராமுக்கு 200 × 0.92, அதாவது 184 மி.லி. சரியா?

மிதவை:
இல்லை, அங்கே வகுக்க வேண்டும்: 200 ÷ 0.92, சுமார் 217 மி.லி. எண்ணெயில் மி.லி. எண் எப்போதும் கிராம் எண்ணைவிடப் பெரிதாகத்தான் வரும். சிறிதாக வந்தால் கணக்கு தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். மி.லி.யிலிருந்து கிராமுக்குப் போகும்போதுதான் பெருக்கல். 15 மி.லி. மேசைக்கரண்டி கிட்டத்தட்ட 14 கிராம், 5 மி.லி. தேக்கரண்டி 4.6. கப் என்று மட்டும் எழுதியிருந்தால் கவனம்: 250 மி.லி. கப்பில் 230 கிராம் பிடிக்கும், அமெரிக்கக் கப் 237 மி.லி.தான், அதில் 218. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி. என்பது தனித் தலைவலி.

வெப்பமானி:
அந்த 13 மி.லி.க்கு: 0.92 என்பது 20 டிகிரி செல்சியஸ் கணக்கு. சூடேறினால் எண்ணெய் விரியும், 10 டிகிரிக்கு சுமார் 0.7 சதவீதம். அறை 30 டிகிரியில் இருந்தால் 0.913 ஆல் வகுக்க வேண்டும், 994 மி.லி. கிடைக்கும். மிச்சம் பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும், கவிழ்த்து வைத்தால் கொஞ்சம் இறங்கும். சமையலுக்கு இந்த நுணுக்கம் தேவையே இல்லை, கேட்டதால் சொன்னேன்.

தாளிப்பு:
சரி, புரிந்தது. உறைந்த தேங்காய் எண்ணெய்க்கும் இதே கணக்கா?

மிதவை:
அதை நிறுத்தே எடுங்கள். கரண்டியில் அமுக்கினால் ஒரு அளவு, அள்ளினால் வேறு அளவு, நடுவில் காற்றும் புகுந்துகொள்ளும். தராசு இல்லாத இடத்தில் உருக்கி அளக்கலாம். சுமார் 25 டிகிரியிலேயே இளகிவிடும், கொதிக்க வைக்க வேண்டாம்.