மறு: டூட்டூவுக்குத் தமிழ் – 'வட்டுடை' எல்லாவற்றுக்கும் பொருந்தாது

நண்பர்களே,

டூட்டூவுக்கு, அதாவது பாலே என்னும் ஐரோப்பிய மேடை நடனத்தில் பெண்கள் போடும் பாவாடைக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுத இப்போதுதான் கை ஒழிந்தது.

> 'வட்டுடை' நல்ல பழந்தமிழ்ச் சொல். அதையே வைத்துவிடலாமே?

சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 'வட்டு' என்றதும் இடுப்பைச் சுற்றித் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் உடைதான் கண்ணில் வருகிறது, பாலே உடை தொடக்கத்தில் அப்படி இல்லையே. 1832இல் பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' ஆட்டத்துக்கு மரீ தாலியோனி உடுத்தி வந்தது கெண்டைக்கால் வரை இறங்கிய வெள்ளைப் பாவாடை. காற்றில் மிதக்கும் தேவதையாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த மெல்லிய துணி. முழங்காலுக்கு மேலே ஏறியதெல்லாம் பிறகுதான். இத்தாலியிலிருந்து வந்த ஆட்டக்காரிகள் சுழற்சியும் காலடியுமாக வித்தை காட்டினார்கள், கால் தெரியாவிட்டால் அவ்வளவு உழைப்பும் யாருக்கு? 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன விர்ஜீனியா சுக்கி அங்கே வழக்கத்தில் இருந்த நீளப் பாவாடையைப் போட மாட்டேன் என்று நின்று, குட்டையாக்கியே ஆடினார்.

> பிரெஞ்சில் என்ன பொருளோ அதையே தமிழாக்கலாம்.

வேண்டாம் சாமி. குழந்தையிடம் பின்பக்கத்தைச் சொல்லும் செல்லச்சொல் ஒன்று திரிந்துதான் டூட்டூ ஆனது என்கிறார்கள். அதைத் தமிழாக்கினால் மேடையில் அறிவிக்கிறவர் பாடு திண்டாட்டம்.

> வலைப்பாவாடை?

இதைத்தான் நானும் முதலில் நினைத்தேன். இன்றைக்கு அது நெட் துணிதான், சரி. ஆனால் முன்பு மஸ்லின் மாதிரி மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத்தான் தைத்தார்கள். மேடையோரம் கேஸ் விளக்கு வேறு. 1862 நவம்பரில் எம்மா லீவ்ரி என்ற பாரிஸ் ஆட்டக்காரிக்கு ஒத்திகையின்போது பாவாடையில் தீப்பற்றி, எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனார், வயது 20. தீப்பிடிக்காமல் இருக்கத் துணியை மருந்தில் முக்கியெடுக்கும் வழி அப்போதே இருந்தது. ஆனால் முக்கினால் துணி விறைக்கும், வெளுப்பு மங்கும் என்று அவர் அதை வேண்டாம் என்றுவிட்டார். இந்தக் கதையைப் படித்ததிலிருந்து, துணியை வைத்துப் பெயர் வைப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. துணி மாறிக்கொண்டே வந்திருக்கிறது, நீளமும்தான். மாறாதது ஒன்றே ஒன்று, அடுக்கு.

அதனால் என் பரிந்துரை: அடுக்குப்பாவாடை.

'அது ஃப்ராக்கில் துண்டுக்குக் கீழே துண்டு சேர்த்துத் தைப்பதல்லவா' என்று யாராவது கேட்பீர்கள். அதைக் கடையில் 'ஸ்டெப்' என்கிறார்கள். நான் சொல்லும் அடுக்கு அடுக்குமல்லியில் வரும் அடுக்கு, அடுக்குச் செம்பருத்தியில் வரும் அடுக்கு. எல்லா இதழும் ஒரே இடத்தில் பிறந்து ஒன்றன்மேல் ஒன்றாக விரியும். டூட்டூவும் அப்படியேதான். உள்ளே போடும் ஜட்டியிலேயே பத்துப் பன்னிரண்டு சுருக்கு வரிசைகளைத் தைத்து, கீழ் வரிசை குட்டை, மேலே போகப் போக நீளம். அப்புறம் வரிசைகளைத் தளர்வான நூலால் அங்கங்கே பிடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு திசையில் பறக்கும்.

போன வருடம் அண்ணன் மகளின் ஆண்டுவிழாவுக்கு ஒன்று தைக்கக் கொடுத்தோம். தையல்காரர் முதலில் கேட்டதே 'கேன்கேன் எத்தனை மீட்டர்?' பாவாடை விறைப்பாக நிற்க வைக்கும் நெட் துணியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாரிஸில் காலைத் தூக்கி ஆடிய ஆட்டத்தின் பெயர் நம் ஊரில் மீட்டர் கணக்கில் விற்கிறது, நாம் இங்கே சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்! தைத்ததை ஹேங்கரில் மாட்டி வைத்தேன், விழாவன்று எடுத்தால் வாடின வாழையிலை மாதிரி தொங்குகிறது. தலைகீழாக மாட்ட வேண்டுமாம், அப்புறம்தான் தெரிந்தது.

சரி, வகைகளுக்கு வருவோம். தாலியோனி போட்டது நெட்டையானது, அதனால் நெட்டடுக்கு. பிரெஞ்சு ஓவியர் டெகா வரைந்த ஆட்டக்காரிகள் போட்டிருப்பது, முழங்காலை ஒட்டி மணி மாதிரி நிற்பது, மணியடுக்கு. உள்ளே கம்பி வளையம் வைத்துத் தட்டையாக நிற்பதைத் 'தட்டடுக்கு' என்று எழுதிப் பார்த்தேன், சமையலறை ஸ்டாண்டு மாதிரி ஒலிக்கிறது. அங்கேதான் வட்டுடையைக் கொண்டுவர வேண்டும். பழைய பொருள், முழங்கால் அளவு வீரர் உடை, இன்றைக்கு யார் வாயிலும் இல்லை, அதனால் இடிக்காது. 1950இல் நடன அமைப்பாளர் பாலன்சைனுக்காக உடை வடிவமைத்த கரின்ஸ்கா அந்தக் கம்பியை எடுத்துவிட்டார். மேடையில் கூட்டமாக ஆடும்போது ஒருத்தியின் வளையம் அடுத்தவளை இடிக்கும், இந்தப் பக்கம் அமுங்கினால் அந்தப் பக்கம் தூக்கும். அவர் தைத்தது பவுடர் பஃப் மாதிரி மெத்தென்று இருக்கும், அதற்குப் பஞ்சடுக்கு.

'விசிறி' என்று எழுதிய அக்காவுக்கு: பரதநாட்டிய உடையில் முன்னால் விரியும் மடிப்புக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, குழப்பம் வரும்.

இன்னும் ஒன்று பாக்கி. மேல்சட்டைக்கும் பாவாடைக்கும் நடுவே இடுப்பில் ஒட்டிக்கிடக்கும் துண்டு, 'பாஸ்க்'. நம் சொற்பட்டியல் வரைவில் இடுப்புப்பட்டி என்று இருக்கிறது, அது பெல்ட் ஆகிவிடும். தையல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இப்படித் தனித்துண்டு (யோக்) வைத்துத் தைப்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கம் வேறு பேச்சு ஏதாவது உண்டா?