1090 என்பது அளந்த எண்ணா, கணக்குப் போட்ட எண்ணா?

பாகாலாக்காரன்

குப்பம் டீச்சர் போன வாரம் இங்கே எழுதியதில் ஒரு வரி: "பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் செம்பெயர்ச்சி 1090 என்று அளந்திருக்கிறார்கள்." அதாவது, பிரபஞ்சத்தின் தொடக்கச் சூட்டிலிருந்து புறப்பட்டு இன்றும் வானமெங்கும் நிறைந்திருக்கும் ஒளியின் அலை, வழியில் ஏறத்தாழ அத்தனை மடங்கு நீண்டுவிட்டது என்கிறார். மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம். அந்த "அளந்திருக்கிறார்கள்" மட்டும் உறுத்துகிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் காதங்கியில் ஒரு பெரிய ரேடார் இருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸில் மேலே அலை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, மேல்காற்றின் வேகத்தைச் சொல்லிவிடும். ஏன் சொல்ல முடிகிறது? அனுப்பியது 53 என்று நமக்குத் தெரியும். விண்மீன் மண்டலங்களுக்கும் இதே கதைதான். நிறமாலையில் ஹைட்ரஜனுக்கே உரிய வரி ஒன்று ஆய்வகத்தில் 656 நானோமீட்டரில் இருக்கிறது, அங்கே 700-இல் தெரிகிறது, எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பின்னணிக் கதிர்வீச்சில் வரியே கிடையாது. ஏறி இறங்கும் ஒரே வழுவழுப்பான வளைவு, அவ்வளவுதான். அது புறப்பட்டபோது என்ன அதிர்வெண் என்று யார் குறித்து வைத்தார்கள்? புறப்பட்ட இடம் தெரியாமல் நகர்ந்த தூரத்தை எப்படி அளக்க முடியும்?

குப்பம் டீச்சர்

நல்ல கேள்வி சார். வரி இல்லை என்பது உண்மை. ஆனால் வளைவு சும்மா ஒரு வளைவு இல்லை. அது கரும்பொருள் கதிர்வீச்சின் வளைவு. மேலே விழும் ஒளியையெல்லாம் விழுங்கி, தன் சூட்டுக்கு ஏற்ப மட்டும் ஒளிரும் பொருள்தான் கரும்பொருள். அதன் வடிவத்தையும் உயரத்தையும் வெப்பநிலை என்ற ஒரே எண் முடிவு செய்துவிடும். இன்று அது 2.725 கெல்வின்.

புறப்பட்டபோது சுமார் 3000 கெல்வின். அதற்கு மேல் சூடாக இருந்தால் ஹைட்ரஜன் அணு சேர்ந்து நிற்காது. எலக்ட்ரான்கள் அவிழ்ந்து திரியும், ஒளி அவற்றில் மோதி மோதிச் சிதறும். அந்தச் சூடு குறைந்து அணுக்கள் சேர்ந்த பிறகுதான் ஒளிக்கு வழி திறந்தது. 3000-ஐ 2.725-ஆல் வகுத்துப் பாருங்கள், 1100-க்குப் பக்கத்தில் வரும்.

பாகாலாக்காரன்

டீச்சர், நீங்களே வகுத்துத்தான் காட்டுகிறீர்கள். நான் சொல்வதும் அதுதான். 2.725 அளந்தது. 3000 அணு இயற்பியல் சொல்வது. 1090 இரண்டையும் வைத்துப் போட்ட கணக்கு.

இன்னொன்று. எல்லா அலைகளும் ஒரே மடங்கு நீண்டால் கரும்பொருள் வளைவு கரும்பொருள் வளைவாகவே இருக்கும், வெப்பநிலை மட்டும் குறையும். அப்படியென்றால் பிறந்த சூட்டை அந்த வளைவு மறந்துவிட்டது. ஒரு புடவை வெளுத்து, கடையில் புதிதாகவே விற்கும் வேறொரு நிறமாக மாறிவிட்டால், முதலில் என்ன நிறமாக இருந்தது என்று அதைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

நகரி நெசவு

புடவை என்று வந்ததால் நானும் வருகிறேன். எங்கள் வீட்டில் விசைத்தறி, பக்கத்திலேயே சாயம் போடும் இடம். இந்த 2.725-ஐ எப்படி அளந்தார்கள் என்று படித்தபோது எனக்கு அது எங்கள் வேலை போலவே பட்டது.

ஒருவர் பழைய பார்டர் துண்டைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார். இது எத்தனாம் நம்பர் சிவப்பு என்று நாங்கள் பார்ப்பதில்லை. சாயம் போட்ட கழியில் ஒரு இழையை எடுத்துக் காயவைத்து, வாசற்படிக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் துண்டின் மேலேயே வைப்போம். இழை எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தால் சாயம் இன்னும் சேரவில்லை. இழை காணாமல் போனால் சரி.

இந்தப் பின்னணி ஒளியை ஆராய 1989-இல் போன கோபி செயற்கைக்கோளில் ஜான் மாதர் குழுவின் கருவி செய்ததும் இதுதான். ஒரு பக்கம் வானத்தின் ஒளி, மறுபக்கம் கருவிக்குள்ளேயே வைத்த கரும்பொருள். அதன் சூட்டை வானத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வித்தியாசத்தை மட்டும் பார்த்தார்கள். அதோடு விடவில்லை. வானத்தைப் பார்க்கும் குழலின் வாயை இன்னொரு கரும்பொருளால் அடைத்து, வானம் இருந்த இடத்தில் அதை வைத்தும் பார்த்தார்கள். முதல் 9 நிமிட அளவீட்டை 1990 ஜனவரியில் திரையில் காட்டியபோது வானியலாளர்கள் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முழுக் கணக்கும் முடிந்தபோது, கரும்பொருள் வளைவிலிருந்து விலகல் வளைவின் உச்ச உயரத்தில் லட்சத்தில் 5 பங்குக்குள். சாயத்தில் எங்களுக்கு அந்த நெருக்கம் கனவில்கூட வராது.

பிச்சாட்டூர்

வளைவு நன்றாகப் பொருந்துகிறது, சரி. ஆனால் பிரபஞ்சம் விரிந்துதான் ஆக வேண்டுமா? ஒளி இவ்வளவு தூரம் வரும்போது வழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை இழந்தாலும் 3000 என்பது 2.7 ஆகும் அல்லவா? களைத்துப்போன ஒளி என்று 1929-இலேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொன்னாரே. அதை ஏன் ஒதுக்க வேண்டும்?

குப்பம் டீச்சர்

தம்பி, இங்கேதான் வளைவின் உயரம் பேசும். நிறமாலை என்றால் எல்லோரும் உச்சம் எந்த அதிர்வெண்ணில் என்று மட்டும் பார்க்கிறார்கள். எவ்வளவு ஒளி என்பதும் அதில்தான் இருக்கிறது.

இன்று ஒரு கன சென்டிமீட்டரில் 411 பின்னணி ஒளித்துகள்கள் இருக்கின்றன. 2.725 கெல்வின் கரும்பொருளுக்கு இருக்க வேண்டிய எண்ணிக்கை சரியாக அதுதான். 3000 கெல்வினில் அதே இடத்தில் சுமார் 50,000 கோடி இருந்திருக்க வேண்டும். வெளி விரிந்தால் ஒவ்வொரு துகளும் ஆற்றல் குறைகிறது, கூடவே துகள்கள் பரவி நெருக்கமும் குறைகிறது. நீளம் 1090 மடங்கு என்றால் கன அளவு அதன் மும்மடி, அதாவது சுமார் 130 கோடி மடங்கு. 50,000 கோடியை 130 கோடியால் வகுத்தால் 400-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஒளி களைத்துப்போவது மட்டும் நடந்திருந்தால் துகள்களின் எண்ணிக்கை ஏன் குறைய வேண்டும்? உச்சம் 2.7 கெல்வினுக்கு உரிய இடத்தில் இருக்கும், ஆனால் வானம் 130 கோடி மடங்கு பிரகாசமாக இருக்கும். உள்ளே வைத்த கரும்பொருளோடு அது சேர்ந்தே இருக்காது. நகரி அண்ணன் சொன்ன அந்த இழை காணாமல் போயிருக்காது.

பிச்சாட்டூர்

நான் உச்சம் இருக்கும் இடத்தை மட்டுமே நினைத்தேன் டீச்சர். எண்ணிக்கையை யோசிக்கவில்லை. என் யோசனையை விட்டுவிடுகிறேன்.

பாகாலாக்காரன்

களைத்த ஒளியை நானும் நம்பவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தக் கணக்கும் 3000-இல்தான் தொடங்குகிறது. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதை வெப்பநிலையாக மாற்றினால் ஒன்றரை லட்சம் கெல்வினுக்கு மேல் வரும். 3000 வரை இறங்கியது எப்படி? ஒரு அணுத்துகளுக்கு நூறு கோடிக்கு மேல் ஒளித்துகள்கள் இருந்ததால், அவற்றில் மிகச் சூடான சிலவே அணுவை உடைக்கப் போதும் என்கிறார்கள். ஆக, அந்த விகிதத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது.

குப்பம் டீச்சர்

விகிதத்தைப் பத்து மடங்கு மாற்றினாலும் 3000 சில சதவீதம்தான் நகரும் சார். மடக்கைக்குள் உட்கார்ந்திருக்கும் எண் அது, அவ்வளவு சுலபமாக அசைக்காது.

ஆனாலும் உங்களுக்கு வேண்டியது கணக்கு இல்லை, சாட்சி. அது இருக்கிறது. அன்றைய சூட்டை அங்கேயே பார்த்துக் குறித்த அணுக்கள் உண்டு. விண்வெளி வாயுவில் கிடக்கும் அணுவும் மூலக்கூறும் பின்னணி ஒளியில் குளித்துக்கொண்டே இருக்கின்றன. சூடு கூடினால் அவற்றில் அதிகம் பேர் ஆற்றலில் மேல் படிக்கு ஏறுவார்கள். நிறமாலையில் எந்தப் படியில் எத்தனை பேர் என்று எண்ணினால் அது வெப்பமானி. 1941-இலேயே ஆண்ட்ரூ மெக்கெல்லர் நம் மண்டலத்து சயனோஜென் மூலக்கூறுகளில் 2.3 கெல்வின் என்று படித்தார். அது என்ன சூடு என்று அன்று யாருக்கும் புரியவில்லை.

2000-இல் புனேயில் உள்ள வானியல் மையமான ஐயூகாவின் ஸ்ரீஆனந்தும் பிரெஞ்சுக் கூட்டாளிகளும், குவாசர் எனப்படும் மிகத் தொலைவில் பிரகாசிக்கும் மண்டல மையம் ஒன்றின் ஒளி வரும் வழியில் கிடந்த வாயு மேகத்தில் கார்பன் அணுக்களைப் பார்த்தார்கள். அதன் செம்பெயர்ச்சி 2.34. நீங்கள் கேட்ட மாதிரியே, வரி பார்த்து அளந்தது. விரிவுக் கணக்கின்படி அங்கே பின்னணி 9.1 கெல்வின் இருக்க வேண்டும். கிடைத்தது 6-க்கும் 14-க்கும் இடையில். 2008-இல் கார்பன் மோனாக்சைடை வைத்து 2.42-இல் அளந்தது 9.15, எதிர்பார்த்தது 9.3. 2022-இல் செம்பெயர்ச்சி 6.34-இல் நீராவி மூலம் 16-க்கும் 30-க்கும் நடுவே என்று வந்தது. எதிர்பார்த்தது 20.

நகரி நெசவு

வெளுத்த புடவையிலும் முந்தி மடித்துத் தைத்த இடத்தைப் பிரித்தால் உள்ளே பழைய நிறம் இருக்கும் பாகாலா சார். அங்கே வெயில் பட்டிருக்காது. டீச்சர் சொல்லும் மேகங்கள் எனக்கு அப்படித்தான் தெரிகின்றன.

பாகாலாக்காரன்

மடிப்பை ஒப்புக்கொள்கிறேன். வெப்பநிலை செம்பெயர்ச்சியோடு சேர்ந்தே ஏறுகிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி, நான் அறியாதது. ஆனால் மடிப்பு 6.34 வரை பிரிந்திருக்கிறது. அங்கிருந்து 1090 வரை கோட்டை நீட்டுகிறோம். நீட்டுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளிடம் "அளந்தார்கள்" என்றால், காதங்கி ரேடார் மாதிரி யாரோ அலையைக் குறித்து வைத்தார்கள் என்றுதான் நினைப்பார்கள். "கணித்தார்கள், பல வழியில் சரிபார்த்தார்கள்" என்று எழுதுங்கள்.

குப்பம் டீச்சர்

சரி, மாற்றி எழுதுகிறேன். வகுப்பிலும் அப்படியே சொல்கிறேன்.

நீங்கள் தேடும் வரியும் உண்மையில் இருக்க வேண்டும் சார். ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தபோது ஒவ்வொன்றும் படியிறங்கி ஒளி உமிழ்ந்தது. அந்த வரிகள் ஆயிரம் மடங்குக்கு மேல் நீண்டு, தேய்ந்து, பின்னணி வளைவின் மேல் மெல்லிய அலையாகக் கிடக்கும். 1968-இல் பீபிள்ஸும், ரஷ்யாவில் ஸெல்டோவிச், குர்ட், சுன்யாயெவும் அந்தக் காலத்து ஹைட்ரஜனை ஆராய்ந்தபோதே இது பேச்சுக்கு வந்துவிட்டது. அளவு நானோகெல்வின் கணக்கு. மாதரின் கருவிக்கு எட்டாதது. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் இதற்கென்றே 2 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரேடியோ அலைவாங்கிகளின் அணி ஒன்றைத் திட்டமிட்டார்கள்.

பாகாலாக்காரன்

அந்த அலையில் வரி தெரிந்தால், ஆய்வகத்து ஹைட்ரஜனோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்றைக்கு "அளந்தார்கள்" என்று நானே முதலில் எழுதுகிறேன் டீச்சர். அந்த அணியைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடுங்கள். நானோகெல்வினைப் பூமியின் இரைச்சலுக்கு நடுவே எப்படிப் பிரிப்பார்கள் என்பதில்தான் எனக்கு அடுத்த சந்தேகம்.