ஃபாரின் டேபிளுக்கு அனலைஸ் போட்டா சாம்பிள் எடுக்காம மொத்தத்தையும் இழுக்குது, உதவி ப்ளீஸ்

ஷிஃப்ட்முடியல:
வணக்கம் மக்களே, ரெண்டு நாளா மண்டை காயுது. எங்க ரிப்போர்ட்டிங் சர்வர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், வெர்ஷன் 16. இன்னொரு சர்வர்ல (அது 14) இருக்கற ஆர்டர் டேபிளை எஃப்டிடபிள்யூ (வேற சர்வர் டேட்டாவை இங்கிருந்தே படிக்க வைக்கற எக்ஸ்டென்ஷன்) வழியா ஃபாரின் டேபிளா (டேட்டா அங்க, பேரு மட்டும் இங்க) வெச்சிருக்கோம், சுமார் 18 கோடி ரோ. ஒரு ஜாயின் க்வெரி முடியவே மாட்டேங்குதேன்னு ராத்திரி எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்ல (க்வெரியை ஓட்டிப் பாத்து எதிர்பார்த்ததையும் நெஜத்தையும் காட்டறது) போட்டுட்டு காலைல வந்து பாத்தா, ஃபாரின் ஸ்கேன்ல பிளானர் (க்வெரியை எந்த வழில ஓட்டலாம்னு முடிவு பண்றது) எதிர்பார்த்தது 5 ரோ, நெஜமா வந்தது 40 லட்சம், அந்த 5ஐ நம்பி நெஸ்டட் லூப் (ஒவ்வொரு ரோவுக்கும் மறுபடி தேடற வழி, ரோ கம்மின்னாதான் சரிப்படும்) எடுத்து வெச்சிருக்கு. சரி ஸ்டாட்ஸ் இல்லாததுதான் கோளாறுன்னு ஃபாரின் டேபிளுக்கு அனலைஸ் (சாம்பிள் எடுத்து ஸ்டாட்ஸ் சேர்க்கற கட்டளை) குடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியும் முடியல, நெட்வொர்க் கிராஃப் உச்சில போயி ஒட்டிக்கிச்சு, எல்லாரும் கத்த ஆரம்பிச்சதும் கேன்சல் பண்ணிட்டேன். 30,000 ரோ சாம்பிளுக்கு 18 கோடியையும் எதுக்குங்க இழுக்கணும்?

எட்டிப்பார்ப்பவன்:
15 வரைக்கும் அது அப்படித்தான் ப்ரோ. மொத்த டேபிளையும் இந்தப் பக்கம் வரவழைச்சு, இங்க உக்காந்து பொறுக்கி எடுத்துட்டு மிச்சத்தை தூக்கிப் போட்டுடும். 16லதான் அனலைஸ் சாம்ப்ளிங்னு ஒரு ஆப்ஷன் வந்துச்சு, சாம்பிளை ரிமோட்லயே எடுத்துட்டு அதை மட்டும் அனுப்பும். யாராச்சும் அதை ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்களா பாருங்க.

ஷிஃப்ட்முடியல:
பாத்துட்டேன், யாரும் எதுவும் செட் பண்ணல, டிஃபால்ட் ஆட்டோதான். ஆனா ரிமோட் பக்கம் ஓடற க்வெரியைப் பாத்தா எப்பவும் ‘ஃபெட்ச் 100 ஃப்ரம் சி1’னே நிக்குது. லாக்ல அந்த சி1 கர்சரை (ரிசல்ட்டை கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறதுக்கானது) டிக்ளேர் பண்ண வரியைத் தேடிப் புடிச்சேன், வெறும் செலக்ட், டேபிள்சாம்பிள்ங்கற (சாம்பிள் மட்டும் கேக்கற எஸ்கியூஎல் வார்த்தை) பேச்சே இல்ல.

கர்சர்காரன்:
பேசாம யூஸ் ரிமோட் எஸ்டிமேட்டை ட்ரூ பண்ணிட்டு போங்க பாஸ், அனலைஸே வேணாம்.

பழையடிபிஏ:
அது பாதி மருந்து தம்பி. அதைப் போட்டா ஒவ்வொரு தடவை பிளான் பண்ணும்போதும் ரிமோட்ல போயி எக்ஸ்ப்ளெயின் கேட்டுட்டு வரும். எப்பவாச்சும் ஓடற பெரிய ரிப்போர்ட்டுன்னா தாங்கும், சின்னச் சின்ன க்வெரி நெறைய ஓடற எடத்துல பிளானிங் டைமே தின்னுடும்.

கேள்வி கேட்டவருக்கு: ஃபெட்ச் 100ஐ விடுங்க, அது ஃபெட்ச் சைஸோட (ஒரு தடவைக்கு எத்தனை ரோ) டிஃபால்ட். சாம்பிள்ல எத்தனை பங்கு எடுக்கணும்னு கணக்குப் போட, அது மொதல்ல ரிமோட்டோட பிஜி கிளாஸ்ல (டேபிள் விவரமெல்லாம் இருக்கற சிஸ்டம் டேபிள்) ரெல்டப்பிள்ஸ், அதாவது தோராய ரோ எண்ணிக்கை, எவ்வளவுன்னு கேக்கும். அங்க 0வோ -1ஓ இருந்துச்சுன்னா, சாம்பிளே வேணாம்னு சத்தமில்லாம பழைய வழிக்கே திரும்பிடும், எரரும் வராது வார்னிங்கும் வராது (எனக்கு இதுல தீராத கடுப்பு). ரிமோட்ல அந்த நம்பர் என்னன்னு பாத்து சொல்லுங்க. அப்படியே, அந்த டேபிள் பார்டிஷன் பண்ணதா (ஒரே டேபிளை பல துண்டு டேபிளா பிரிச்சு வெச்சதா)?

ஷிஃப்ட்முடியல:
அண்ணே -1!! ஆமா, மாசத்துக்கு ஒரு பார்டிஷன். ஆனா ரிமோட்ல ஆட்டோவாக்யூம் (சுத்தம் பண்றதும் அனலைஸும் தானா பாத்துக்கறது) நல்லாத்தானே ஓடுது, பார்டிஷன்ல எல்லாம் நம்பர் சரியா இருக்கு, தாய் டேபிள்ல மட்டும் -1.

பழையடிபிஏ:
அதேதான். ஆட்டோவாக்யூம் பார்டிஷனைத்தான் தொடும், தாய் டேபிளை அனலைஸ் பண்ணாது, தாய்ல டேட்டான்னு ஒண்ணும் இல்லையே. நீங்க கையாலதான் குடுக்கணும். ரிமோட்ல தாய் டேபிள் பேருக்கே அனலைஸ் போடுங்க, பார்டிஷன் எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்திட்டு வரும், கூட்டம் இல்லாத நேரமா பாத்து போடுங்க. 14ல இருந்து தாய்க்கும் ரெல்டப்பிள்ஸ் எழுதி வெக்குது, உங்க அதிர்ஷ்டம். அப்புறம் இந்தப் பக்கம் ஃபாரின் டேபிளுக்கு அனலைஸ்.

ஷிஃப்ட்முடியல:
வேலை செஞ்சிடுச்சு 🙏 லாக்ல இப்ப டேபிள்சாம்பிள் பெர்னூலி, பக்கத்துல 0.0167க்கு கிட்ட ஒரு நம்பர், 18 கோடில 30,000னா சதவீதம் அவ்வளவுதான் வருது, சரியா இருக்கு. பிளானும் ஹாஷ் ஜாயினுக்கு (ரோ நெறைய இருந்தா தோதான வழி) மாறிடுச்சு. ஆனா அனலைஸ் இன்னும் 6 நிமிஷம் எடுக்குது, வெறும் 30,000 ரோவுக்கு இது அதிகம் இல்லையா?

பழையடிபிஏ:
பெர்னூலின்னா ஒவ்வொரு ரோவுக்கும் தனித்தனியா காசு சுண்டிப் பாக்கற மாதிரி, அதனால ரிமோட் டிஸ்க்ல முழு டேபிளையும் படிச்சுத்தான் ஆகணும், மிச்சமானது நெட்வொர்க் மட்டும். சிஸ்டம்னு மாத்தினா பிளாக்கா எடுக்கும், ரொம்ப வேகம். ஆனா ஒரே பிளாக்ல பக்கத்துப் பக்கத்து ரோ எல்லாம் ஒரே தேதி ஆர்டரா இருந்தா சாம்பிளும் கொத்துக் கொத்தா வரும், எத்தனை விதமான வேல்யூ இருக்குங்கற கணக்கு தப்பா போகும். உங்களுது தேதி வரிசைல ஏறற டேட்டா, நான்னா 6 நிமிஷத்தை பொறுத்துப்பேன்.

எட்டிப்பார்ப்பவன்:
ஃபாரின் டேபிளையும் ஆட்டோவாக்யூம் அனலைஸ் பண்ணாது, மறந்துடாதீங்க. கிரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட வைக்கறது) போட்டுடுங்க, மொதல்ல ரிமோட் தாய், அடுத்து லோக்கல்.

ஷிஃப்ட்முடியல:
போட்டுட்டேன், ஞாயிறு ராத்திரி. ஒரே ஒரு கடைசி டவுட்டு, இன்னொரு ஃபாரின் டேபிள் ரிமோட்ல ஒரு வியூ (சேமிச்சு வெச்ச க்வெரி, தனி டேட்டா இல்ல) மேல நிக்குது, அதுக்கு இன்னும் முழுசா இழுக்குது, அங்க அனலைஸ் போட்டாலும் ரெல்டப்பிள்ஸ் மாறல.

பழையடிபிஏ:
வியூவுக்கு அந்த நம்பர் வரவே வராது. மெட்டீரியலைஸ்ட் வியூவா (ரிசல்ட்டையே டேட்டாவா சேமிச்சு வைக்கற வியூ) மாத்த அந்தப் பக்கத்துக்காரங்க ஒத்துக்குவாங்களான்னு கேளுங்க, இல்லன்னா அடில இருக்கற டேபிளையே நேரா ஃபாரின் டேபிளா எடுத்துக்குங்க. ரெண்டும் நடக்காதுன்னா மட்டும் அதுக்கு ரிமோட் எஸ்டிமேட், கர்சர்காரன் சொன்னது அங்க செல்லும்.