மதுரா ஜில்லாவில் புழங்கிய விக்டோரியா காலத்துச் சீமை மருந்துகளும் வீட்டுப் பொருள்களும்: சில ஐயங்கள்

கேள்வி: சிறுமலைவாசி

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் உறவினர் ஒருவரின் பழைய வீட்டைப் பிரித்தபோது, உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. அதில் 'குளோரோடைன்' என்று பாதி மட்டும் படிக்க முடிகிற தாள் ஒட்டிய சிறு குப்பி ஒன்றும், வரிவரியாகப் புடைத்த ஆறு பக்கங்கள் கொண்ட நீலக் குப்பி ஒன்றும், ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் டப்பா ஒன்றும், அடியில் குழாய்க்கான துளையுள்ள கனத்த பீங்கான் ஜாடி ஒன்றும் இருந்தன. நீலக் குப்பியில் இன்னும் சிறிது திரவம் இருக்கிறது. அந்த வீட்டில் முன்பு வெள்ளைக்கார ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவர் குடியிருந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

நான் அறிய விரும்புவது இதுதான்: ஊருக்கு ஊர் நாட்டு வைத்தியர்கள் இருந்த இந்த ஜில்லாவுக்குக் கடல் கடந்து மருந்து வரவழைக்க வேண்டிய தேவை என்ன? அம்மருந்துகளால் பலன் இருந்ததா? இவை எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தன?

மறுமொழி 1: ஏடு புரட்டி

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு விடை அச்சம் என்பதுதான். மதுரையில் 1834இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலரைப் பறிகொடுத்தார்கள். ஓய்விடமாக முதலில் சிறுமலையை நாடி, அங்கும் காய்ச்சல் விடாததால், பழனி மலைமேல் ஏறி 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். நோய் எதனால் வருகிறது என்று அவர்களுடைய மருத்துவர்களுக்கே அப்போது தெரியாது. காலராக் கிருமியை ராபர்ட் கோக் உறுதிப்படுத்தியது 1883–84இல். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் கண்டது 1897இல். அதுவரை வெயிலும் சதுப்பு நிலத்து நச்சுக்காற்றும்தான் காரணம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே லண்டன் வியாபாரிகள் சரக்கு விற்றார்கள். வயிற்றில் குளிர் தாக்கினால் காலரா வரும் என்று சொல்லி, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கம்பளித் துணிப் பட்டையைக் 'காலரா பெல்ட்' என்று விற்றதும், மதுரை வெயிலிலும் அதை வெள்ளைக்காரர்கள் கட்டிக்கொண்டதும் இதனால்தான்.

உங்கள் குளோரோடைன் இந்த வரலாற்றில் தனி இடம் பெற வேண்டியது. இந்தியாவில் படை மருத்துவராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் 1848இல் காலராவுக்கென்று இதைக் கூட்டினார். 1856இல் டேவன்போர்ட் என்பவர் வழியாக லண்டனில் விற்பனைக்கு வந்தது. சாராயத்தில் கரைத்த அபினியும் குளோரோஃபார்மும் கஞ்சாச் சத்தும் சேர்ந்த கலவை அது. போலிகள் பெருகியதால் உண்மையில் கண்டுபிடித்தவர் யார் என்று 1864இல் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. விளம்பரம் காலரா, வயிற்றுப்போக்கு, இருமல், நரம்புவலி எல்லாவற்றுக்கும் இதையே பரிந்துரைத்தது. அபினி வலியை அடக்கும், குடலின் ஓட்டத்தைத் தணிக்கும். ஆகவே உடனே சுகம் தெரிந்தது, நம்பிக்கையும் பிறந்தது. ஆனால் காலராவில் உயிர் போவது உடலின் நீரும் உப்பும் வற்றிப் போவதால். ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர் 1832இலேயே உப்புநீரை இரத்தக் குழாயில் செலுத்தி நோயாளிகளை மீட்டுக் காட்டியிருந்தார். அந்த வழி பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடக்க, பழக்கத்துக்கு அடிமையாக்கும் அபினிக் குப்பி மட்டும் வீட்டுக்கு வீடு போயிற்று. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் குழந்தைகளுக்கும் அதைச் சொட்டுக் கணக்கில் கொடுத்தார்கள்.

மாத்திரைகளின் கதை இவ்வளவு கொடியதன்று. ஒரு கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பெறும் என்று விளம்பரம் செய்யப்பட்ட பீச்சம் மாத்திரையைப் பின்னாளில் பகுத்துப் பார்த்தபோது, அதில் இருந்தவை கரியபோளமும் (உலர்த்திய கற்றாழைப் பால்) சுக்கும் சோப்பும்தான் என்று தெரிந்தது. சுக்கும் கரியபோளமும் நம் நாட்டு மருந்துக் கடையில் எக்காலத்திலும் கிடைக்கிற சரக்குகள்.

மறுமொழி 2: கீழமாசிவீதி

சரக்கு வந்த வழியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் தென்னிந்திய ரயில் மதுரைக்கும், 1876 தொடக்கத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் வந்து சேர்ந்தது. 1877இல் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்ததால், பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் வசதியும் ஏற்பட்டது. சென்னையில் ஸ்பென்சர் கடை 1863 முதல் இருந்தது. லண்டனில் 1871இல் தொடங்கிய ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுக் கடை 1891இல் பம்பாயில் கிளை திறந்தது. கூடாரம் முதல் மருந்துப் பெட்டி வரை அனைத்தும் அதன் தடித்த விலைப்பட்டியலில் இருந்தன. கொடைக்கானலுக்குப் போகும் சாமான்கள் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வண்டியில் போய், அங்கிருந்து மலைப்பாதையில் கூலியாட்களின் தலைமேல் ஏறின. சீமை பிஸ்கட்டைச் சுமந்து அந்த ஏற்றத்தை ஏறியவர்கள் நம் ஊர் மக்கள் என்பதை யாரும் எழுதி வைக்காதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

உங்கள் பெட்டிக்குள் தகரம் அடித்திருப்பது கரையானுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் அஞ்சித்தான். பிஸ்கட் காற்றுப் புகாத டப்பாவில் வந்ததற்கும் அதுவே காரணம். திண்டுக்கல்லுக்கு எதிர்த்திசை வாணிகமும் உண்டு: ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டு ஆலை உங்கள் ஊரில் இருந்தது, அந்தச் சுருட்டு சீமைக்கும் போயிற்று.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பெரியகுளம்

முதலில் ஓர் எச்சரிக்கை. நீலக் குப்பியைத் திறக்க வேண்டாம், முகர்ந்தும் பார்க்க வேண்டாம். விளக்கு அணைந்த இருட்டிலும் கை தடவினாலே இது உட்கொள்ளத்தக்கதன்று என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே நஞ்சுக் குப்பிகளை இப்படி வரியோடும் பக்கங்களோடும் வார்த்தார்கள். நிறமும் பெரும்பாலும் நீலம் அல்லது பச்சை. கார்பாலிக் அமிலம், அம்மோனியா போன்றவை அவற்றில் வைக்கப்பட்டன. குழந்தைகள் கைக்கு எட்டாமல் நிமிர்த்தி வைத்து, அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறையினரிடம் காட்டுங்கள். குளோரோடைன் குப்பிக்கும் அதே கவனம் தேவை.

மற்றபடி, சீமை மருந்துகள் எல்லாமே பயனற்றவை என்று முதல் மறுமொழியைப் படிப்பவர் எண்ணிவிடக் கூடாது. கொய்னா (குயினின்) உண்மையாகவே முறைக்காய்ச்சலை, அதாவது மலேரியாவை, தீர்த்தது. அதைத் தரும் தென் அமெரிக்காவின் சிங்கோனா மரத்தை 1860 முதல் நீலகிரியில் பயிரிட்டு, நடுவட்டத்தில் அரசே தொழிற்சாலை வைத்தது; 1892இல் வங்காளத்தில் அஞ்சலகங்களிலேயே சிறு பொட்டலங்களாக விற்றார்கள். வார்பர்க் டிங்சர் என்று இரகசிய மருந்தாக வெகுநாள் விற்ற ஒன்றின் செய்முறை 1875இல் வெளியானபோது, கரியபோளம், கற்பூரம், குங்குமப்பூ என்று நீண்ட அப்பட்டியலில் காய்ச்சலைத் தீர்க்கும் சரக்கு கொய்னாதான் என்று தெரிந்தது. எங்கள் பெரியாற்றுப் பக்கம் 1887 முதல் 1895 வரை அணை கட்டியபோது, காய்ச்சல் எத்தனையோ தொழிலாளர்களைக் கொண்டு சென்றது. கொய்னாவின் அருமையை அந்த மலைக்காட்டை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

நாட்டு வைத்தியத்தை வெள்ளையர் முற்றிலும் ஒதுக்கினார்கள் என்பதும் சரியன்று. எட்வர்ட் ஜான் வாரிங் தொகுத்து 1868இல் வெளியான இந்திய மருந்து நூலில் நிலவேம்பு, சீந்தில், ஓமத்திரவம் ஆகியவை ஏற்கப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டே சென்னை மருத்துவர் மூதீன் ஷெரீப் அதற்குத் துணைநூல் எழுதினார். அரசு நூல் ஏற்றுக்கொண்டதைக் கூட, அச்சடித்த தாள் ஒட்டிய சீமைக் குப்பிக்கு அடுத்தபடியாகவே பல வெள்ளையர் வைத்தார்கள் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

சிறுமலைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீலக் குப்பியைப் பூட்டி வைத்துவிட்டேன். ஜாடியைப் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும். ஊறுகாய் ஜாடிக்குக் குழாய்த் துளை ஏன் என்று விளங்கவில்லை.

மறுமொழி 4: ஏடு புரட்டி

அது ஊறுகாய் ஜாடியாக இராது, தண்ணீர் வடிகட்டியின் கலமாக இருக்க வேண்டும். லண்டன் லாம்பெத்தில் டோல்டன் நிறுவனத்தார் இத்தகைய கலங்களைச் செய்தார்கள். உள்ளே கரி அடைத்து, மேலே ஊற்றும் நீர் அதன் வழியாக இறங்கிக் குழாயில் வரும். கரி நீரின் நாற்றத்தையும் நிறத்தையும் நீக்கியது, நோய்க்கிருமியைத் தடுக்கவில்லை. மாற்றாமல் விட்ட கரியில் கிருமி வளர்வதையும் 1890களின் சோதனைகள் காட்டின. 1884இல் பாரிசில் சேம்பர்லாண்ட் செய்த நுண்துளைப் பீங்கான் குழல்தான் இந்தக் குறையை முதலில் தீர்த்தது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் இழைத்துக் கலங்கலைத் தெளிய வைக்கும் நம் வழக்கத்துக்கும் அதே எல்லை உண்டு. தெளிந்த நீர் கிருமியற்ற நீராகிவிடாது, காய்ச்சியே குடிக்க வேண்டும்.

ஜாடியின் அடியைத் துடைத்துப் பாருங்கள். சாய்சதுர வடிவில் பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவு முத்திரை இருந்தால், அவ்வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. முத்திரைக்குப் பதிலாகப் பதிவெண் மட்டும் இருந்தால் 1884 அல்லது அதற்குப் பின். அழுத்தித் தேய்க்காமல், ஈரத்துணியாலேயே துடையுங்கள்.