பேர் வெட்டின பாத்திரம், வெள்ளி ரூபாய், பழைய சாமி படம்: காரைக்குடிப் பக்கம் வாங்கப் போகிறவர்களுக்கு

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீடு இடித்தபோது வந்த நிலைக்கதவு, எனாமல் தூக்கு, பித்தளை அண்டா எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். போன மாதம் வார்த்த விளக்கும் அதற்குள்ளேயே இருக்கும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. "பழசா, பழைய மாதிரியா?" என்று நேராகக் கேட்டால் பலர் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். நாம்தான் கேட்பதில்லை.

புதுசு எப்படி இருக்கும் என்று தெரியாமல் பழசைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் மதுரையிலேயே புது விளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதுமண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. குத்துவிளக்கின் தண்டைக் கழற்றி மரையைப் பாருங்கள், அது ஒரே சீராக இருக்கும். ஒரு விளக்கின் அகல் அதே அளவுள்ள இன்னொரு விளக்கிலும் பொருந்தும். பழைய விளக்கில் மரை கோணல்மாணலாக இருக்கும், அதனதன் துண்டு அதனதன் தண்டில்தான் ஏறும். தேய்மானமும் கை படும் இடத்தில்தான் இருக்க வேண்டும். அடித்தட்டின் கீழ்விளிம்பும் திரி வைக்கும் மூக்கும் மழுங்கியிருந்தால் சரி. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் அது மருந்து போட்ட கறுப்பு.

அண்டாவிலும் தவலையிலும் விளிம்புக்குக் கீழே பேர் வெட்டியிருப்பார்கள். முதலில் குடும்ப விலாசத்தின் எழுத்துகள் (முன்னோர் பேர்களின் முதலெழுத்துகள்), பிறகு பேர், எல்லாம் வரிசைப் புள்ளிகளாகக் குத்தியிருக்கும். அங்கேதான் லென்ஸ் வைக்க வேண்டும். 1978-இல் அரசாணை மூலம் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. "அண்ணாமலை" என்று வெட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வெட்டில் 'ணா'-வுக்குத் தனிக்கால் இருக்காது, எழுத்தின் வாலே கீழே சுழித்திருக்கும். 'லை'-யில் ல-வுக்கு முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு ஒட்டியிருக்கும். "நூறு வருஷத்துப் பாத்திரம்" என்று சொல்லும் சாமானில் இந்த இரண்டும் இன்றைய வடிவத்தில் இருந்தால், பேராவது பின்னால் வெட்டினதாக இருக்க வேண்டும். "மீனாட்சி"யில் 'னா' உதவும். "மதுரை", "கருப்பையா" உதவாது, 'ரை'யும் 'பை'யும் மாறவே இல்லை.

பள்ளத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். பல வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த வெட்டு வழவழப்பாக இருக்கும், உள்ளே அழுக்கு கல்லாக இறுகியிருக்கும். புது வெட்டு நகத்தைப் பிடிக்கும்.

வாங்கிய பிறகு ஆசிட் போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். ஆசிட் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும், செம்பு மட்டும் மிஞ்சி ரோஸ் நிறத் திட்டாக நிற்கும். அந்தத் திட்டைத் தேய்த்து எடுத்தால் வெட்டெழுத்தும் சேர்ந்து போகும்.

*

மேலே பாத்திரம் பற்றி எழுதின அண்ணே, எழுத்து விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். 1978-க்குப் பிறகும் வயதான ஆட்கள் பழைய எழுத்தையே வெட்டினார்கள். அதனால் பழைய எழுத்தைப் பார்த்ததும் பாத்திரம் பழசு என்று முடிவு கட்ட முடியாது. 1900 என்று சொல்லும் பொருளில் புது எழுத்து இருந்தால் மட்டும் சந்தேகப்படலாம்.

காசு பற்றி நான் சேர்க்கிறேன். பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய் 1835 முதல் 1939 வரை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி. காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பித்தளையும் ஈயமும்கூடத்தான் ஒட்டாது.

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் முதலில் காசை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதே தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது, குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். நல்ல ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டும். பாதி வெள்ளிக் காசுக்கு 1.22 வரும், பித்தளைக் கலவை 1.35 பக்கம் போகும். தேய்ந்த காசாக இருந்தால் முதலில் போட்ட எடையை, தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு காட்டின எண்ணால் வகுங்கள், 10.3 பக்கம் வந்தால் உலோகம் சரி.

உலோகம் சரியாக இருந்தும் காசு போலியாக இருக்கலாம். 1939 ரூபாய் அரிது, அதனால் அந்த வருஷத்தில் போலி அதிகம். வருஷத்தின் கடைசி எண்ணை லென்ஸில் பாருங்கள், எண்ணை மாற்றியிருந்தால் சுற்றிலும் சுரண்டின தடம் தெரியும். ஓரத்துப் பல்லில் ஒரு கோடு சுற்றி வந்தால் அது வார்ப்பு. அடித்த காசு எப்படி இருக்கும் என்று கண் பழக, புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஒரு நாள் செலவழிக்கலாம்.

1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் அச்சடித்த "ஈஸ்ட் இந்தியா கம்பெனி" செப்புக்காசு திருவிழாக் கடைகளில் கிடைக்கும். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பூஜை அறையில் வைக்கலாம், விலை கொடுக்க வேண்டாம். அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரிசியில் இரும்புத்தூள் பூசிக் காட்டுகிற வித்தை அது.

*

பழைய சாமி படத்துக்கும் லென்ஸ்தான். ரவிவர்மா அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோணாவ்லா பக்கம் போனது. பழைய கல்லச்சுப் படத்தை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் மணல் இறைத்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். பூப்போல வட்டமாக அடுக்கின புள்ளிகள் தெரிந்தால் அது இக்காலத்து ஆஃப்செட். ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டின படம் இந்தப் பக்கத்து வழக்கம், அதை அழுக்கு என்று பிய்த்துவிடாதீர்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் படச்சட்டத்தைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்தால் சாமி முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

பழைய பொருள் பற்றிய அரசுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் கடந்த பொருள் தொல்பொருள், ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிக்கு 75 வருஷம். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய கற்சிலை, உலோகச் சிலை என்றால் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையா, விலை கேட்காமலே நகருங்கள். களவுபோன கோயில் சிலைகள் பல, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களை வைத்தே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன, எத்தனை கை மாறியிருந்தாலும் படம் மாறாது. யானைத் தந்தம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தொடாதீர்கள்.

*

மரச்சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பெட்டியின் அடியில் கறுப்புத் தாளை விரித்து மூன்று நாலு நாள் விட்டுவைக்கச் சொல்லுங்கள். தாளில் மாவு மாதிரி தூள் விழுந்திருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. வெறும் ஓட்டை மட்டும் இருந்து தூள் விழவில்லை என்றால் பேரம் பேசலாம்.